சீட்டில் எழுதிய ஊர்

நத்தைக்குத்தி நாரையைப் புதுச்சேரிக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஊசுடு ஏரியிலும் பாகூர்ப் பக்கத்து நெல்வயல்களிலும் நிற்கும். சாம்பல் படிந்த வெள்ளை உடல், கறுத்த இறக்கை, மூடிய பிறகும் நடுவே வெளிச்சம் தெரியும் அலகு. இதற்கு அறிவியலில் ஆசிடான்ஸ் என்ற பெயரை 1783இல் வைத்தவர் பீட்டர் போடர்ட் என்ற டச்சு மருத்துவர். அவர் பெயர் வைத்தது ஒரு வண்ணப்படத்தைப் பார்த்து. பாரிஸில் அச்சான அந்தப் படத்தின் எண் 932. படத்தின் அடியில் பிரெஞ்சில் எழுதியிருந்தது: புதுச்சேரிக் கொக்கு.

இந்த நாரை இலங்கையிலும் வங்காளத்திலும் தாய்லாந்திலும் வியட்நாமிலும் வாழ்கிறது. ஆனால் இந்த இனம் முதன்முதலில் எங்கிருந்து அறிவியலுக்கு வந்தது என்று கேட்டால், உலகின் எந்தப் பறவைப் பட்டியலும் புதுச்சேரி என்றே சொல்லும். உயிரியலில் அதை மூல இடம் என்பார்கள். ஓர் இனத்தைப் பின்னால் இரண்டாகப் பிரிக்க நேர்ந்தால், எந்தப் பாதிக்குப் பழைய பெயர் போகும் என்பதை இந்த மூல இடமே தீர்மானிக்கும். ஊர்ப்பெயருக்கு இவ்வளவு கனம் இருக்கிறது.

அந்தக் கனம் வந்த வழி விசித்திரமானது. எங்கோ பிடிபட்ட ஒரு பறவை புதுச்சேரியில் பெட்டிக்குள் வைக்கப்படும். பாரிஸில் வசதி படைத்த ஒருவரின் மாளிகைக்குப் பரிசாகப் போகும். கூடவே ஒரு சீட்டு, அதில் ஊர்ப்பெயர். பறவை பெரும்பாலும் சில ஆண்டுகளில் புழுதியாகிவிடும். சீட்டில் இருந்த ஊர்ப்பெயர் நூலில் ஏறி, இன்றுவரை அறிவியலை ஆள்கிறது. எனக்கு இதில் வியப்பும் உண்டு, வருத்தமும் உண்டு. இரண்டையும் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதியுள்ளவர்கள் வீட்டில் ஓர் அறையை இயற்கைப் பொருள்களுக்கென்று ஒதுக்கினார்கள். சங்கு, சிப்பி, பவளம், கல், பாடம் செய்த பறவை, சாராயத்தில் மிதக்கும் பாம்பு என்று எல்லாமே அங்கே இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் ஆல்பர்ட்டஸ் சேபா என்ற மருந்து வணிகர் திரட்டியதை 1717இல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் விலைக்கு வாங்கினார். பாரிஸில் 1736இல் ஜெர்சாங் என்ற வணிகர் சிப்பிகளுக்கென்றே பட்டியல் அச்சிட்டு ஏலம் நடத்தினார். மாதாம் தெ பந்தவீல் என்ற சீமாட்டியும், ஓப்ரி என்ற பங்குச் சாமியாரும் பறவைகள் சேர்த்தார்கள். ஆனால் பறவை என்றால் அன்றைய பாரிஸில் முதலிடம் ரியோமூருக்குத்தான்.

ரெனே அந்துவான் ரியோமூர் பரம்பரை நிலக்கிழார். இரும்பை எஃகாக்கும் ஆய்வுக்காக 1722இல் அவருக்கு ஆண்டுக்கு 12,000 லீவர் மானியம் கிடைத்தது. பூச்சிகளைப் பற்றி ஆறு தொகுதிகள் எழுதினார். 80 பாகைகள் கொண்ட வெப்பமானி அவர் பெயரால் வழங்கியது. வெறும் பணக்காரச் சேகரிப்பாளர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அறிவியல் அகாதெமியில் அவருடைய வார்த்தைக்கு எடை இருந்தது. தொலைவில் இருக்கும் ஒரு கம்பெனி உத்தியோகஸ்தர் அவருக்குப் பறவை அனுப்பினால், பதிலுக்குப் பணம் வராது. வருவது வேறு: அகாதெமியில் பெயர் அடிபடும், நூலில் நன்றி அச்சாகும், ஊருக்குத் திரும்பும்போது ஒரு கதவு திறக்கும். கிராம்பும் ஜாதிக்காயும் பிரெஞ்சுத் தீவுகளில் பயிராக வேண்டும் என்று பாடுபட்ட பியேர் புவாவ்ர் அவருக்குப் பறவைகள் அனுப்பியவர்களில் ஒருவர். 1745இல் ஆங்கிலேயர் பீரங்கிக் குண்டில் வலக்கையை இழந்த பிறகு புதுச்சேரிக்கு வந்து தங்கிய புவாவ்ர், 1754இல் அகாதெமியின் கடிதத் தொடர்பாளர் ஆனார்.

கொடுத்துப் பெறும் இந்த முறை புதுச்சேரிக்குப் புதிதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: 1736 முதல் 1761 வரை அந்த ஊரில் நஜர் என்ற காணிக்கை இல்லாமல் ஒரு சந்திப்பு நடந்ததில்லை என்று சொல்லிவிடலாம். யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், எத்தனை வராகன், எத்தனை கஜம் சகலாத்து, எத்தனை பீரங்கி முழங்கியது என்று பிள்ளை விடாமல் எழுதிவைத்தார். பரிசின் அளவு உறவின் அளவைச் சொன்னது. பாரிஸுக்குப் போன நாரையும் பருந்தும் ஒருவகையில் நஜர்தான்.

ஆனால் சகலாத்தை மடித்து அனுப்பலாம், பறவை அழுகிவிடும். புதுச்சேரி வெயிலில் காலையில் சுட்ட பறவை மாலைக்குள் நாறும். இந்தச் சிக்கலைத் தீர்க்க ரியோமூர் 1740களில் ஒரு குறிப்பை அச்சிட்டு வெளியிட்டார். செத்த பறவைகளைக் கெடாமல் தூரதேசத்திலிருந்து அனுப்புவது எப்படி என்பதே அதன் பொருள். லண்டன் ராயல் சொசைட்டி 1748இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. அனுப்புகிறவர் தேர்ந்த கைகாரராக இருக்கமாட்டார், கப்பல் அதிகாரியோ பாதிரியாரோ கணக்கரோ தான் என்று தெரிந்து எழுதிய குறிப்பு அது.

அதில் நான்கு வழிகள். ஒன்று, தோலை உரித்து உள்ளே வைக்கோலோ பஞ்சோ அடைப்பது. இதற்குக் கை பழக வேண்டும். இரண்டு, குடலை எடுத்துவிட்டு வாசனைப் பொடிகளும் படிகாரமும் நிரப்புவது. மூன்று, கடும் சாராயம் நிரம்பிய பீப்பாயில் போடுவது. இறகு கலையாமல் ஒவ்வொரு பறவையையும் துணியில் சுற்றிக் கட்ட வேண்டும். நான்காவது வழியை ரியோமூர் பெரிதும் நம்பினார். ரொட்டி சுட்டு எடுத்த பிறகு அடுப்பில் மிஞ்சும் சூட்டில் பறவையை வைத்து, தசை மரம்போல் இறுகும்வரை உலர்த்துவது. சூடு கூடினால் இறகு பொசுங்கும், குறைந்தால் உள்ளே புழு வைக்கும்.

பிறகு கடல். அன்றைய புதுச்சேரிக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலை உடையும் இடத்துக்கு அப்பால் நங்கூரமிடும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சலங்குதான் போக்குவரத்து. ஆணியே இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதும்போது பலகைகள் நெகிழ்ந்து கொடுக்கும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அதே அலையில் பிளந்துபோகும். சலங்குக்குள் எப்போதும் தண்ணீர் கசியும், அலை ஏறித் தெறிக்கும். அடுப்பில் பதமாக உலர்த்திய பறவைக்கு முதல் சோதனை கரையிலிருந்து சில நூறு முழம் தாண்டுவதற்குள்ளேயே வந்துவிடும். அதைத் தாண்டினால் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி பிரான்ஸின் லோரியான் துறைமுகம்வரை மாதக்கணக்கில் பயணம். நடுவில் போர் மூண்டால் கப்பலே எதிரி கைக்குப் போகும். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அவர்கள் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1778 அக்டோபரில் மறுபடியும் விழுந்தது. இந்த இடைவெளிகளில்தான் பறவைகள் போய்ச் சேர்ந்தன.

சேர்ந்த பிறகும் நிம்மதியில்லை. தோல்வண்டும் அந்துப்பூச்சியும் பாரிஸிலும் உண்டு. தோல்வண்டின் புழு இறகின் அடியைத் தின்னும். வெளியே பார்த்தால் பறவை முழுசாக நிற்கும், தொட்டால் உதிரும். மெட்ஸ் நகரத்து மருந்து வணிகர் பெக்கூர் ஆர்சனிக் கலந்த சோப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். அதைத் தோலின் உட்புறம் பூசினால் வண்டு அண்டாது. ஆனால் அவர் அதை ரகசியமாகவே வைத்திருந்து 1777இல் இறந்தார். செய்முறை பரவலானது அவர் காலத்துக்குப் பிறகு. அதற்குள் ஒரு தலைமுறைப் பறவைகள் போய்விட்டன.

ரியோமூர் 1757 அக்டோபரில் காலமானார். சேகரிப்பை அகாதெமிக்கு எழுதிவைத்திருந்தார். அவருக்கும் புஃபோனுக்கும் ஆகவே ஆகாது. புஃபோன் அரசரின் இயற்கைக் கூடத்துக்குத் தலைவர். அரசரின் ஆணை பெற்று மொத்தச் சேகரிப்பையும் அவர் தம் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். ரியோமூரின் சேகரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மத்தூரின் பிரிசோன் என்ற இளைஞர் அதற்கு முன்பே பறவைகளை ஒவ்வொன்றாக அளந்து எழுதிவைத்திருந்தார். 1760இல் ஆறு தொகுதிகளாக அவருடைய பறவையியல் நூல் வந்தது. பிரிசோனின் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். அலகு எத்தனை அங்குலம், வால் எத்தனை அங்குலம், எந்த இறகு எந்த நிறம், எந்த ஊரிலிருந்து வந்தது, யாருடைய வீட்டில் பார்த்தார் என்று சலிக்காமல் சொல்கிறார். கேள்விப்பட்டு எழுதியதையும் கண்ணால் பார்த்து எழுதியதையும் குறியிட்டுப் பிரித்துக் காட்டுகிறார். அந்தக் காலத்தில் பலருக்கு வராத நேர்மை அது.

பிரிசோனின் நூலில்தான் புதுச்சேரிக் கழுகு வருகிறது. செங்காவி உடல், வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு. நம் செம்பருந்து. சனிக்கிழமை வானத்தில் வட்டமிட்டால் பெரியவர்கள் அண்ணாந்து கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே கருடன். மீன் கழிவு தேடித் துறைமுகத்தையும் கழிமுகத்தையும் சுற்றுவது இதன் வழக்கம். அதனால் கடற்கரை ஊரில் இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு இது சுலபமாகக் கண்ணில் பட்டிருக்கும். புஃபோனின் வெளியீட்டில் இதற்குப் படம் 416. நாரைக்கு 932. அந்தப் படவரிசையில் மொத்தம் 1,008 படங்கள், அவற்றில் 973 பறவைப் படங்கள். மார்த்தினே என்ற ஓவியர் வரைய, எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் கையால் வண்ணம் தீட்டினார்கள்.

புஃபோன் லத்தீன் பெயர் வைக்கும் லின்னேயஸ் முறையை ஏற்காதவர். படங்களுக்குப் பிரெஞ்சுப் பெயர் மட்டுமே போட்டார். அந்தக் குறையை நிரப்பத்தான் போடர்ட் 1783இல் ஒரு சிறு பட்டியல் வெளியிட்டார்: படம் எண், அதற்கு நேரே லத்தீன் பெயர். ஐம்பது படிகள்தாம் அச்சாயின என்கிறார்கள். கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள் அந்தப் பட்டியலை யாரும் கண்டுகொள்ளவில்லை. பின்னால் முன்னுரிமை விதி வலுத்தபோது, முதலில் பெயர் வைத்தவர் என்ற உரிமை போடர்டுக்குப் போனது. செம்பருந்து, நத்தைக்குத்தி நாரை, சோழமண்டலக் கரையிலிருந்து போன சுடலைக்குயில் எல்லாம் இந்த வழியில் பெயர் பெற்றவை. பறவையைப் பார்த்தவர் பிரிசோன் அல்லது புஃபோனின் ஆட்கள். பெயருக்குப் பக்கத்தில் நிற்பவர் போடர்ட்.

நாரைக்குத் திரும்புவோம். பாரிஸில் இருந்தவர்கள் அலகின் இடைவெளியைப் பார்த்தார்கள். அது எதற்கு என்று உலர்ந்த தோல் சொல்லாது. நத்தையைப் பாக்குவெட்டி போல நொறுக்குவதற்கு என்று நெடுங்காலம் பலர் நினைத்தார்கள். வயலில் நின்று பார்த்தவர்கள் கண்டது வேறு. நாரை நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடிக்கிறது. கத்திபோல் மெலிந்த கீழலகின் நுனியை நத்தையின் மூடிக்குள் செலுத்தி, உடலை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்துச் சதையை வெளியே இழுக்கிறது. ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கும். குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். இடைவெளி வராத இளம் பறவையும் நத்தை தின்கிறது. மேலலகின் ஓரத்தில் தூரிகை மயிர் போன்ற நுண்ணிய அமைப்பு இருக்கிறது. வழுக்கும் ஓட்டைப் பிடிக்க அது உதவுகிறது. இவ்வளவையும் அறிய பறவை உயிரோடு, அதன் வயலில், அதன் நத்தையோடு இருக்க வேண்டும். ஊர்ப்பெயர் சரியாக இருந்தால்தான் பின்னால் வருபவர் அந்த வயலைத் தேடிப் போக முடியும்.

இனி சொன்னராவின் கதை. பியேர் சொன்னரா, 1748இல் லியோனில் பிறந்தவர், புவாவ்ரின் உறவினர். 1774 முதல் 1781 வரை அரசாணையோடு கிழக்கே சுற்றினார். 1782இல் இரண்டு தொகுதிகளாகப் பயண நூல் வெளியிட்டார். முதல் தொகுதியில் நம் கோயில்கள், திருவிழாக்கள், தொழில்கள் எல்லாம் படங்களோடு வரும். இரண்டாவதில் பறவைகளும் செடிகளும். புதுச்சேரிக் கௌதாரி, புதுச்சேரி ஈப்பிடிப்பான், செஞ்சிக் காடை, செஞ்சி மைனா, செஞ்சிக் கழுகு என்று பக்கத்துக்குப் பக்கம் நம் ஊர்ப்பெயர்கள். இவற்றுக்குப் பின்னால் லத்தீன் பெயர் வைத்தவர்கள் கெட்டிங்கனில் க்மெலினும், இங்கிலாந்தில் டார்ட்ஃபர்டில் மருத்துவம் பார்த்த ஜான் லாத்தமும். கௌதாரி இன்றும் பாண்டிசீரியானஸ். சொன்னரா ஈப்பிடிப்பான் என்றது உண்மையில் ஒரு காட்டுக்கீச்சான், அதுவும் பாண்டிசீரியானஸ். மைனாவும் கழுகும் ஜிஞ்சினியானஸ்.

கௌதாரியும் காடையும் செஞ்சி, புதுச்சேரிப் பொட்டல்களில் இயல்பாகவே இருப்பவை. அந்தச் சீட்டுகள் சரி. செஞ்சிக் கழுகும் சரிதான்: மஞ்சள் முகமும் வெள்ளை உடலும் கொண்ட பாறு அது. திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிப்பொழுதில் வந்து குருக்கள் கையால் பொங்கல் தின்ற இரண்டு பறவைகள் இந்த இனம்தான். செஞ்சியிலிருந்து அந்த மலை ஒன்றும் வெகுதொலைவில்லை. ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் பாறைவிட நம்முடையது சற்றுச் சிறியது, அலகின் நுனி கறுக்காமல் வெளிறியிருக்கும்; ஆகவே உள்ளினமாகப் பிரித்தபோது லாத்தம் 1790இல் வைத்த ஜிஞ்சினியானஸ் என்ற பெயர் இந்தியப் பாறுக்குக் கிடைத்தது. மூல இடம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் செஞ்சி மைனா? அது கரை மைனா. கங்கைச் சமவெளியிலும் சிந்துவிலும் ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டிக் கூடு கட்டும் பறவை. செஞ்சிக்கு அது சொந்தமில்லை. கூண்டுப் பறவையாக வந்திருக்கலாம், சீட்டு மாறியிருக்கலாம். எப்படியானாலும் லத்தீன் பெயரில் செஞ்சி நிலைத்துவிட்டது. பெயர் வைக்கும் விதிப்படி, ஊர் தவறு என்பதற்காகப் பெயரை மாற்ற முடியாது.

சொன்னராவிடம் இது ஒருமுறை மட்டும் நடந்ததில்லை. 1776இல் வந்த முதல் நூலில், நியூகினிப் பயணத்தைப் பற்றி எழுதியபோது, அங்கே பென்குவின்கள் இருப்பதாகப் படத்தோடு போட்டார். நியூகினி நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் வெப்பத்தீவு. சொன்னரா அதன் கரையை மிதிக்கவேயில்லை. தென்கடல் பறவைகளின் தோல் வேறு யார் கையிலிருந்தோ அவருக்கு வந்திருக்கிறது. ஜென்டூ பென்குவின் இன்றும் பைகோசெலிஸ் பப்புவா. கிழக்கு ஆஸ்திரேலியாவில் சிரிப்பொலி எழுப்பும் கூக்கபுராவுக்கு இன்றும் டேசிலோ நோவேகினியே என்று பெயர், நியூகினியில் அது இல்லாதபோதும். வாங்கிய பொருளைத் தானே கண்டெடுத்ததாகச் சொல்லும் ஆசை இந்தப் பரிசு உலகத்தில் எல்லாருக்கும் இருந்தது. அரிய பொருள் கொடுப்பவருக்கு மதிப்பு கூடும். தானே போய் எடுத்தேன் என்றால் இன்னும் கூடும். அறிவியலுக்கு அது எவ்வளவு கெடுதல் செய்தது என்பதை இந்த மூன்று பெயர்களே காட்டுகின்றன.

என்னை உறுத்துவது இன்னொன்று. செஞ்சிக் காடையைக் கண்ணி வைத்துப் பிடித்தவர் யார்? காடை ஒளிந்திருக்கும் புதரைத் தெரிந்தவர், கௌதாரியைப் பழக்கிய கௌதாரியைக் கொண்டே வரவழைக்கத் தெரிந்தவர் அந்தப் பொட்டலில் வாழ்ந்த ஒருவராகத்தான் இருக்க முடியும். பறவைகளின் பெயரில் க்மெலினும் லாத்தமும் சொன்னராவும் இருக்கிறார்கள், பிடித்தவர் இல்லை. இதே புதுச்சேரியில் இதே காலத்தில் மரிதாஸ் பிள்ளை என்ற துபாஷி பாகவதத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து 1769 ஜூனில் மேகத்தால் ஏமாந்த வானியலாளர் லெ ஜாந்திக்கு, தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை விளக்கவும் அவரே துணைநின்றார். அவருடைய பெயர் நூலில் நின்றது. ஏடு கொடுத்தவர் அறிஞராக எண்ணப்பட்டார். பறவை கொடுத்தவர் கைக்கூலியாக எண்ணப்பட்டார். காடையின் நடத்தையை அறிவதும் அறிவுதான் என்று அன்றைய பாரிஸுக்குத் தோன்றவில்லை.

கரையோரமாகத் தெற்கே போனால் தரங்கம்பாடியில் நிலைமை கொஞ்சம் மேல். டேனியர்களின் அந்த ஊருக்கு 1771இல் வந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார், கரையில் இறங்கும் மீன்களைச் சாராயத்தில் இட்டு பெர்லினுக்கு அனுப்பினார். அங்கே மார்க்கஸ் எலியேசர் ப்ளாக் என்ற மருத்துவர் உலகத்து மீன்களையெல்லாம் திரட்டி, 1782 முதல் 1795 வரை 432 வண்ணப்படங்களோடு பன்னிரண்டு தொகுதிகள் வெளியிட்டார். நன்றிக்கடனாகக் கத்தாளை மீன்களின் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று பெயர் வைத்தார். அதில் ஓர் இனம் ஜானியஸ் கருட்டா. நம் மீனவர்கள் சொல்லும் கறுத்த கத்தாளை. பிடித்தவரின் பெயர் இங்கும் இல்லை, ஆனால் அவர் வாயிலிருந்த சொல்லாவது லத்தீனுக்குள் ஏறியிருக்கிறது. ப்ளாக்கின் மீன்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாராயம் அந்த நன்மையைச் செய்தது. 1790களில் எழுதியதில் சந்தேகம் வந்தால், மீனையே எடுத்து மறுபடி பார்க்கலாம். ரியோமூரின் பறவைகளில் அப்படி எடுத்துப் பார்க்க அநேகமாக எதுவுமே மிச்சமில்லை.

சொன்னரா கொண்டுவந்தவற்றில் எனக்கு மிக நெருக்கமானது சாம்பல் காட்டுக்கோழி. சேவலின் பிடரி இறகு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். கருஞ்சாம்பல் இறகு, நடுவே வெளிறிய தண்டு. நுனியை நெருங்கும்போது தண்டு அகன்று தட்டையாகி, இறகுத்தன்மையே இல்லாமல் பளபளப்பான மஞ்சள் தகடாக முடிகிறது. அரக்கை உருக்கி ஒரு சொட்டு விட்டதுபோல் இருக்கும். நகத்தால் தட்டினால் கெட்டியாக இருக்கும். பிடரி முழுக்க இந்தத் துளிகள். மீன்தூண்டிலுக்குப் பொய்ப்பூச்சி கட்டுபவர்கள் இந்த இறகுக்காக ஐரோப்பாவிலிருந்து அலைந்ததில் வியப்பில்லை. கோழிக்குத்தான் அது பெரும் கேடாக முடிந்தது.

இது சமவெளிப் பறவையில்லை. பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தக்காணத்து மலைக்காடுகளிலும் வாழ்கிறது. இந்தியாவுக்கு வெளியே உலகில் எங்கும் இல்லை. சொன்னரா இதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கோழிக்கு மூதாதை இதுவே என்று எழுதினார். ஊர்க்கோழியின் காட்டு உறவை ஒருவர் இந்தியாவில் தேடியதே அன்று புதுமை.

பிறகு அவர் வாழ்க்கை திசைமாறியது. ஏனாமில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்தவரை 1793இல் ஆங்கிலேயர் சிறைப்படுத்தினார்கள். புதுச்சேரியில் கைதியாக 1813 வரை கழிந்தது. அதே 1813இல் டெம்மிங்க் என்ற டச்சுப் பறவையியலாளர் அந்தக் கோழிக்கு கலஸ் சொன்னராட்டி என்று பெயர் சூட்டினார். டெம்மிங்கின் தந்தை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொருளாளர். கீழைநாட்டுப் பறவைகள் அந்த வீட்டுக்குத் தானாக வந்து சேர்ந்தன. சொன்னரா பாரிஸ் திரும்பி, 1814இல் இறந்தார்.

டார்வின் 1868இல் இந்த வழக்கைத் தீர்த்துவைத்தார், அல்லது தீர்ந்துவிட்டதாக எல்லாரும் நினைத்தார்கள். சாம்பல் காட்டுக்கோழியின் கூவல் வேறு, பிடரி இறகு வேறு, வீட்டுக்கோழியோடு கலந்தால் குஞ்சுகள் சரியாக இனம்பெருக்குவதில்லை. சிவப்புக் காட்டுக்கோழியோ கூவல், நிறம் எல்லாவற்றிலும் நாட்டுச் சேவலைப் போலவே இருக்கிறது. ஆகவே மூதாதை சிவப்பு மட்டும் என்றார். சொன்னராவின் கருத்து ஒன்றரை நூற்றாண்டு மூலையில் கிடந்தது.

2008இல் ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த குழுவினர் கோழிக்காலின் மஞ்சளை ஆராய்ந்தார்கள். கோழி தின்னும் தானியத்திலும் கீரையிலும் கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமிகள் உண்டு. தோலில் இருக்கும் ஒரு நொதி அவற்றை வெட்டிச் சிதைத்துவிடும். அப்போது தோலும் காலும் வெளிறியிருக்கும். சிவப்புக் காட்டுக்கோழியின் கால் சாம்பலாக இருப்பது அதனால்தான். மஞ்சள்கால் கோழிகளில் அந்த நொதிக்கான மரபணு கல்லீரலில் வழக்கம்போல் வேலை செய்கிறது, தோலில் மட்டும் அடங்கிப்போகிறது. நிறமி தங்கிவிடுகிறது. இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்று மரபணுத் தொடரை ஒப்பிட்டபோது, சிவப்புக் காட்டுக்கோழியோடு பொருந்தவில்லை. சாம்பல் காட்டுக்கோழியோடு பொருந்தியது.

எங்கோ ஒரு காலத்தில் தென்னிந்தியக் காட்டோரத்தில் வீட்டுக்கோழியும் காட்டுக்கோழியும் கலந்திருக்கின்றன. டார்வின் சொன்ன தடை முழுமையானதல்ல. சில குஞ்சுகள் பிழைத்து முட்டையிட்டிருக்கின்றன. 2020இல் 863 கோழிகளின் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட இன்னொரு ஆய்வு, வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை தென்மேற்குச் சீனா, வடதாய்லாந்து, மியான்மர் பகுதிகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியின் ஓர் உள்ளினம் என்று காட்டியது. அடித்தளம் அங்கே. மஞ்சள் காலுக்கான துண்டு நம் மலைகளில் வாழும் இனத்திடமிருந்து சேர்ந்தது. இன்று உலகெங்கும் பண்ணைகளில் கோடிக்கணக்கில் வளரும் மஞ்சள்கால் கோழிகள் ஒவ்வொன்றும் கலஸ் சொன்னராட்டியின் அந்தத் துண்டைச் சுமக்கின்றன.

இப்படி ஒரு முடிவுக்கு வர, எந்தக் கோழி எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பது ஐயமில்லாமல் தெரிய வேண்டும். ஊரோரம் திரியும் காட்டுக்கோழியில் வீட்டுக்கோழியின் ரத்தம் பின்னால் கலந்திருந்தால் விடை தலைகீழாகிவிடும். இன்று மாதிரி எடுப்பவர்கள் சீட்டில் நாள், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், பிடித்தவர் பெயர் எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். பிடித்தவர் பெயர் என்ற அந்தக் கட்டத்தில் இப்போது இருளர்களின் பெயரும் காணிக்காரர்களின் பெயரும் எழுதப்பட வேண்டும். உதவியாளர் என்று ஒற்றைச் சொல்லில் அவர்களை முடித்துவிடக் கூடாது.